மானும் அதன் அச்சமும்

மானின் கண்ணைப் பற்றிப் பாடாத புலவர் இல்லை எனலாம். பெண்ணின் பார்வைக்கு உவமை தேடிய நம் கவிஞர்கள் எல்லாரும் மானிடமே சென்றிருக்கிறார்கள். மருண்ட பார்வை என்றும், வெருண்ட நோக்கு என்றும் அவர்கள் சொல்லக் கேட்டு நாமும் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கண் ஏன் மருள்கிறது, எதைக் கண்டு வெருள்கிறது என்று நாம் கேட்பது அரிது. பகையை முன்னரே அறிந்துகொள்வதற்காக அமைந்த கண் அது. மானின் உடலமைப்பு, அது உண்ணும் முறை, கூடி வாழும் முறை, கன்றை வளர்க்கும் முறை ஆகிய யாவும் அச்சம் என்னும் ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இதனை உணர்ந்துகொண்டால், மானைக் காணும்போது நாம் செய்யத் தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பதும் விளங்கும். நான் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதில் அறியாமையால் செய்த பிழை ஒன்றுதான் இவ்விலங்கைப் பற்றி என்னை எண்ணவைத்தது. அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

மான் என்று நாம் பொதுவாகச் சொல்லும் விலங்குகள் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கோடியக்கரையிலும், தூத்துக்குடியை அடுத்த வல்லநாட்டிலும் உள்ள வெளிமானைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரலை என்று பழைய நூல்கள் கூறுவதும் அதுவே. முறுக்கிய அதன் கொம்பு கிளைப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறையும் உதிர்வதில்லை. விலங்கு நூலார் அதனை ஆடு, மாடு ஆகியவற்றின் குடும்பத்தில் சேர்ப்பார்கள். புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவை மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. அது கிளைவிட்டு வளரும். உரிய காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். ஐரோப்பாவில் புகழ்பெற்ற செம்மானும் இக்குடும்பத்ததே. அதற்கு நெருங்கிய உறவாகிய ஹங்குல் என்னும் பெருமான் நம் நாட்டில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மட்டும் வாழ்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அவ்வினம், ஸ்ரீநகரை அடுத்த தாச்சிகாம் காட்டையே பெரும்பாலும் புகலாகக் கொண்டு, 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முந்நூறைக்கூட எட்டாத நிலையில் நின்றது.

காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் புதர்க்காடுகளில் நாம் காண்பது புள்ளிமானை. இது செம்மானைவிட மிகச் சிறியது. நன்கு வளர்ந்த ஆண், தோளளவில் ஏறக்குறைய மூன்று அடி உயரம் இருக்கும். பெண் அதனினும் சிறிது குறைவு. செம்மானின் கன்றும் பிறக்கும்போது புள்ளிகளோடுதான் பிறக்கிறது. ஆனால் சில மாதங்களில் அப்புள்ளிகள் மறைந்துவிடும். நம் புள்ளிமானோ கன்றுப் பருவத்து உடையை வாழ்நாள் முழுவதும் களைவதில்லை. அந்த வெண்புள்ளிகள் வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். மரத்தடியில் இலைகளினூடே வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் மான் அசையாமல் நின்றால், பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் அது தென்படாது.

இனி, மான் உண்ணும் முறையைப் பார்ப்போம். மாட்டைப் போலவே மானுக்கும் மேல்வாயின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் இல்லை. கீழ்ப்பற்களையும் மேல் ஈற்றையும் கொண்டு புல்லைப் பற்றி இழுத்து, சரிவர மெல்லாமலே விழுங்கிவிடும். வெட்டவெளியில் தலையைக் குனிந்து மேயும் நேரந்தான் மானுக்கு ஆபத்து மிகுந்த நேரம். ஆதலால் கிடைத்ததை விரைவாக உட்கொண்டு, பிறகு மறைவான நிழலுக்குச் சென்று படுத்து, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அமைதியாக அசைபோடுகிறது. விலங்கியல் நூல்களில் நான்கு அறை கொண்ட இரைப்பை என்று நாம் படிக்கும் அமைப்பு, புல்லைச் செரிக்க உதவுவதோடு, அஞ்சி வாழும் விலங்குக்கு ஓடும்போது கொண்டுசெல்லும் கட்டுச்சோறு போலவும் பயன்படுகிறது. மேயும்போதுகூட ஒரு மான் தொடர்ந்து குனிந்திருப்பதில்லை. சில கவளம் மேய்ந்ததும் தலை நிமிரும். காது முன்னும் பின்னும் திரும்பும். மூக்கு காற்றை மோந்து பார்க்கும். முகத்தின் இரு பக்கங்களிலும் கண்கள் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய நாற்புறமும் அதனால் பார்க்க முடிகிறது.

தனியொரு மான் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் போதாது. ஆகையால் மான்கள் கூட்டமாக வாழ்கின்றன. பத்து மான் மேயும் இடத்தில் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்திருக்கும். ஐயத்துக்குரிய ஒன்றைக் கண்டதும் ஒரு மான் உடல் விறைத்து நின்று முன்காலால் தரையைத் தட்டும். அடுத்து, கூர்மையான ஒரு குரல் எழும். வால் மேலே தூக்கப்பட, அதன் அடிப்புற வெண்மை பளிச்சிடும். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் காட்டுக்குள் மறைந்துவிடும். இக்கூட்டம் ஒரு குடும்பத்தைப் போல நிலையானதன்று. காலையில் ஒன்றாக மேய்ந்தவை மாலையில் வேறு வேறு கூட்டங்களில் இருக்கலாம். தாயும் கன்றும் மட்டுமே நெடுநாள் பிரியாமல் இருப்பவை. கூட்டம் நடக்கத் தொடங்கும்போது வயது முதிர்ந்த பெண்மான் ஒன்று முன்செல்வதைப் பல இடங்களில் காணலாம்.

முதுமலை போன்ற பெருங்காடுகளில் புள்ளிமானுக்கு வேறொரு துணையும் உண்டு. அது மரத்தின்மேல் வாழும் முசு என்னும் கருமுகக் குரங்கு. குரங்கு உண்ணும்போது சிந்தும் தழையும் காயும் கீழே மேயும் மானுக்கு உணவாகின்றன. உயரத்திலிருந்து புலியையும் சிறுத்தையையும் குரங்கு முதலில் காண்கிறது. தரையிலிருந்து மோப்பத்தால் மான் முதலில் அறிகிறது. ஒன்றன் எச்சரிக்கைக் குரலை மற்றொன்று புரிந்துகொள்கிறது. இங்கே ஒரு செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறேன். விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர் ஆகியவற்றைத் தொல்காப்பியம் மரபியலில் வகுத்துச் சொல்கிறது. உழை என்னும் மானின் ஆணுக்குக் கலை என்று பெயர் கூறும் அந்நூல், முசுவின் ஆணுக்கும் அதே பெயரைத் தருகிறது. காட்டில் ஒன்றாக வாழ்வனவற்றைச் சொல்லிலும் ஒன்றாக வைத்தார்களோ என்று எண்ணிப் பார்க்க இனிமையாக இருக்கிறது.

இனிக் கொம்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். புள்ளிமானின் கொம்பு முழுவதும் எலும்பு. முளைக்கும்போது அதன்மேல் மென்மையான மயிரடர்ந்த தோல் போர்த்திருக்கும். அத்தோலில் ஓடும் குருதியே கொம்பை வளர்க்கிறது. பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு விரைவாக வளரும் உறுப்பு வேறில்லை. வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்துவிடும்; மான் கொம்பை மரத்திலும் புதரிலும் தேய்த்து அதனை உரித்தெறியும். அதன் பிறகே கொம்பு போருக்கு உதவும். ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளைகள் இருப்பது நம் புள்ளிமானின் அடையாளம். உதிர்ந்த கொம்பும் வீணாவதில்லை. சுண்ணாம்புச் சத்துக்காக மான்களும் முள்ளம்பன்றிகளும் அதனைக் கடித்துத் தின்கின்றன.

குளிர்நாட்டுச் செம்மானுக்கு இணைவிழைச்சுப் பருவம் இலையுதிர் காலத்தில் மட்டும் வருகிறது. அப்போது வலிய ஆண் ஒன்று பல பெண்மான்களைத் தன் காவலில் வளைத்து வைத்துக்கொள்ளும். மற்றோர் ஆண் வந்தால் உடனே மோதிக்கொள்வதில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ரம் என்னும் தீவில், செம்மான்களைத் தனித்தனியே அடையாளம் கண்டு பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். முதலில் இரண்டும் மாறி மாறி முழங்கும். முழக்கத்திலேயே எதிரியின் வலிமையை அளந்துகொண்டு இளைத்தது விலகிவிடும். அதிலும் முடிவு காணாவிட்டால் இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று கணிக்கும். அதன் பிறகும் விலகாதவை மட்டுமே கொம்பு கோத்துப் போரிடும். நம் வெப்பநாட்டுப் புள்ளிமானின் முறை வேறு. ஒரே காலத்தில் சில ஆண்கள் முதிர்ந்த கொம்போடும், சில தோல் போர்த்த கொம்போடும், சில கொம்பின்றியும் இருக்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் கன்றுகளைக் காணலாம். சில மாதங்களில் மிகுதியாகக் காணலாம். இங்கே ஆண்மான் கூட்டம் சேர்த்துக் காப்பதில்லை. கூட்டம் கூட்டமாகச் சென்று பருவம் எய்திய பிணையைத் தேடும். பின்கால்களில் எழுந்து நின்று உயரமான கிளைகளில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தை விட்டுச்செல்லும். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் தங்கி ஆராய்ந்து, 1967இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

பிணை ஏறக்குறைய எட்டு மாதம் கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். தொல்காப்பியம் மறி என்று கூறும் அந்த இளங்கன்றின் முதல் நாள்கள்தாம் மானின் வாழ்க்கையிலேயே வியப்புக்கு உரியவை. பிறந்த கன்றால் தாயோடு ஓட முடியாது. தாயின் பக்கத்திலேயே அது இருந்தால், தாயைக் காணும் பகை கன்றையும் காணும். ஆதலால் தாய் அதைப் புதரின் அடியில் படுக்கவிட்டுத் தொலைவில் சென்று மேய்கிறது. கன்றை நன்றாக நக்கித் துடைத்து, அதன் கழிவையும் தானே உட்கொண்டு, அது கிடக்கும் இடத்தில் நாற்றமே இல்லாதபடி செய்துவிடுகிறது. பகலில் சில முறை மட்டும் ஓசையின்றி வந்து பாலூட்டிவிட்டு மீண்டும் விலகிவிடுகிறது. கன்றோ கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகக் கிடக்கும். அருகே காலடி ஓசை கேட்டாலும் எழாது. ஓடுவதற்கு வலிமை வரும்வரை அசையாமல் இருப்பதே அதன் ஒரே பாதுகாப்பு. காலில் வலுவேறிய பிறகுதான் அது தாயோடு கூட்டத்தில் சேர்கிறது.

நேயர்களே, நான் முன்பு குறிப்பிட்ட பிழையை இப்போது சொல்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வைகாசி மாதம். ஏரி வற்றி, நடுவில் மட்டும் சிறிது நீர் நின்றது. களாப்பழம் பறிக்க நாங்கள் நான்கைந்து சிறுவர்கள் ஏரிக்கு அப்பால் உள்ள புதர்க்காட்டுக்குச் சென்றோம். ஒரு களாப்புதரின் அடியில் மான்கன்று ஒன்று தனியே கிடந்தது. நாங்கள் நெருங்கியும் அது ஓடவில்லை, அழவும் இல்லை. தாயை யாரோ கொன்றுவிட்டார்கள், பாவம், இது அநாதை என்று முடிவு செய்தோம். துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பாட்டி அதைப் பார்த்ததும் கடிந்துகொண்டார். தாய் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருக்கும், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள் என்றார். நாங்கள் கேட்கவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பாலாடையால் பசும்பாலைப் புகட்டினோம். முதல் நாள் சிறிது குடித்தது. இரண்டாம் நாள் வயிறு போயிற்று. மூன்றாம் நாள் காலையில் வைக்கோலின்மேல் அது விறைத்துக் கிடந்தது. அந்த இரண்டு மாலைகளிலும் மாடு ஓட்டிவரும்போது, ஒரு பிணைமான் அந்தக் களாப்புதரையே சுற்றிச் சுற்றி வந்ததைக் கண்டதாக என் மாமா பிறகு சொன்னார். பாட்டி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் எண்ணியிருக்கிறேன்.

இன்று எனக்குத் தெரிந்தவை அன்று தெரியவில்லை. மானின் பால் பசும்பாலைவிட மிகச் செறிவானது. கொழுப்பும் புரதமும் ஏறக்குறைய இருமடங்கு உடையது. நாங்கள் ஊட்டியது அதன் உடலுக்கு ஏற்ற உணவன்று. அது ஓடாமல் கிடந்ததை நாங்கள் சோர்வு என்று எண்ணினோம். அது உயிரைக் காத்துக்கொள்ளும் முயற்சி. தொட்டபோது அமைதியாக இருந்ததை நட்பு என்று எண்ணினோம். அது மிகுந்த அச்சம். கன்றைக் கொன்றது எங்கள் கொடுமை அன்று, எங்கள் இரக்கம். இரக்கத்துக்கு அறிவு துணை இல்லாவிட்டால் அது எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை அந்த மூன்று நாளில் கற்றேன்.

வளர்ந்த மானுக்கும் இத்தகைய தீங்கு நேர்கிறது. கோடையில் நீர் தேடியும், வேர்க்கடலைக் கொல்லையின் பசுமையை நாடியும் மான்கள் காட்டைவிட்டு வெளியே வருகின்றன. நம் சமவெளிக் காடுகளில் இன்று புலி இல்லை. ஆனால் அந்த இடத்தை ஊர்நாய்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாய்கள் துரத்த, மான் ஊருக்குள் ஓடிவந்து வேலியில் சிக்குகிறது. அல்லது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. நல்லுள்ளம் படைத்தவர்கள் நாயை விரட்டி மானை மீட்கிறார்கள். அதன் பிறகு கூட்டம் கூடுகிறது. வாயைத் திறந்து நீர் ஊற்றுவார்கள், தடவிக் கொடுப்பார்கள், பிள்ளைகளை அருகே நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். உடலில் பெரிய காயமே இல்லாத அந்த மான் சில மணி நேரத்திலோ, இரண்டொரு நாளிலோ இறந்துவிடுகிறது.

இதற்குக் காரணத்தை விலங்கு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஓடித் தப்புவதற்காக அமைந்த உடல், தப்ப முடியாத நிலையில் அகப்பட்டு, அச்சத்தின் உச்சத்தில் நீண்ட நேரம் தவித்தால், தசைகளில் அமிலம் மிகுந்து தசைநார்கள் சிதையத் தொடங்குகின்றன. உடலின் வெப்பம் அளவு கடந்து ஏறுகிறது. சிதைந்த தசையின் கழிவு குருதியில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, இதயமும் தளர்கிறது. நாய் தொடங்கிவைத்ததைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் முடித்துவைக்கிறது என்பதே உண்மை. நம் கை தடவும்போது மானுக்கு அது அன்பாகத் தோன்றுவதில்லை. தன்னைப் பிடித்துவிட்ட பகையின் தொடுகையாகவே தோன்றுகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை சிலவே. நாயை விரட்டுங்கள், கூட்டத்தையும் விலக்குங்கள். ஓட வழியிருந்தால் காட்டுப்பக்கம் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். எழ முடியாமல் கிடந்தால், மூச்சுக்குத் தடையில்லாமல் துணியால் கண்ணை மட்டும் மூடி, நிழலில், ஓசையில்லாமல் விட்டுவிட்டு வனத்துறையினருக்குச் சொல்லியனுப்புங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிணற்றில் விழுந்த மானை அவர்களும் தீயணைப்புப் படையினரும் வந்து எடுக்கட்டும். காட்டுவிலங்கை வேட்டையாடுவதும், பிடித்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.

இதைச் சொல்லும்போது உழவரின் குறையை நான் மறக்கவில்லை. கடன் வாங்கி விதைத்த கடலையை ஓர் இரவில் மான்கூட்டம் மேய்ந்துவிட்டால், அவருக்கு மானின் கண் அழகாகத் தோன்றாது. அதை நாம் குறைகூறவும் முடியாது. ஆனால் மான் கொல்லைக்கு வருவது, கோடையில் காட்டுக்குள் நீர் இல்லாமையாலும், மேய்ச்சல் குன்றியதாலும், காட்டை ஒட்டியே வீடும் சாலையும் வந்துவிட்டதாலும்தான். காட்டோரத்துக் குட்டைகளைத் தூர் எடுத்து நீர் நிற்கச் செய்வதும், பாழ்ங்கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்புவதும் மானுக்கும் நன்மை, உழவருக்கும் நன்மை, இருட்டில் நடந்துவரும் நம் பிள்ளைகளுக்கும் நன்மை. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என ஒரு குழுவை அந்தச் சபையார் அமைத்திருந்தார்கள். அவ்வூரைச் சுற்றி வாழும் நமக்கு, கிராம சபையில் கூடி ஒரு கிணற்றுக்குச் சுவர் கட்டத் தீர்மானிப்பது இயலாத செயலா?

அந்தப் புதர்க்காட்டின் பக்கம் இப்போதும் நான் செல்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, மாலைவேளையில் வழியோரப் புதரில் ஒரு கன்று கிடப்பதைக் கண்டேன். காது மட்டும் மெல்ல அசைந்தது. வந்த வழியே ஓசையின்றித் திரும்பி, ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தின் பின்னே நெடுநேரம் நின்றேன். பொழுது சாயும் வேளையில் பிணை ஒன்று வந்தது. நான்கடி வைக்கும், நிற்கும், காற்றை மோக்கும், மீண்டும் நான்கடி வைக்கும். புதரை அடைந்ததும் கன்று எழுந்து நின்று பால் குடித்தது. இருள் சூழ்ந்துவிட்டதால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்துவந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்பதற்குப் பாட்டி இல்லையே என்ற குறைதான் மனத்தில் இருந்தது.